காத்துப் பைக்கு வாரண்டி உண்டா?

போடியில எங்க வீட்டு வாசல்ல அந்த வெளிநாட்டுக் காரு வந்து நின்ன அன்னைக்கி, தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம ஒரே கேள்வியத்தான் கேட்டாங்க. "என்ன, ஏலக்கா வெல ரொம்ப ஏறிப்போச்சோ?" கேக்கிற வாய்க்கு நான் என்னத்தச் சொல்ல? நாலஞ்சு கை மாறுன பழைய வண்டின்னு சொன்னா நம்பவா போறாங்க. சொகுசுக்கு வாங்கல, எங்க வீட்டுக்காரரு முதுகுக்கு வாங்குனோம்னு சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்.

அவருக்கு மதுரையில முதுகுத்தண்டு ஆப்பரேசன் ஆச்சு. நல்லபடியாத்தான் முடிஞ்சுது. நடந்தாரு, சாப்பிட்டாரு, எல்லாம் சரி. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டரு ஒண்ணு சொன்னாரு பாருங்க. "இனிமே குனியக் கூடாது, குலுங்கக் கூடாது. ஜீப்புப் பக்கமே போகக் கூடாது." ஏலத்தோட்டக்காரங்ககிட்ட ஜீப்புல ஏறாதன்னா, அப்பறம் என்ன மிச்சம் இருக்கு? எங்க தோட்டம் போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, அதுக்கும் உள்ள இருக்கு. பெரிய எஸ்டேட்டுன்னு நெனச்சுறாதீங்க. கொஞ்ச எடந்தான். ஆனா நாங்க ரெண்டு பேரும் நின்னு நட்ட செடி ஒவ்வொண்ணும்.

ரெண்டு வருசம் மலை ஏறவே இல்ல அவரு. மொட்டை மாடியில ஒரு பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டு, மேற்கப் பாத்து உக்காந்துருவாரு. மலையில மேகம் எறங்குனா "இன்னைக்கி மேல மழை"ம்பாரு. வெயில் அடிச்சா "செடி வாடும்"பாரு. தோட்டத்தப் பாத்துக்கிற கங்காணி தெனமும் போன்ல போட்டோ அனுப்புவாரு. எல்லாம் எலை. ஏலச்செடி பாத்தவங்களுக்குத் தெரியும், எலையெல்லாம் ஆள் உசரத்துக்கு மேல நிக்கும், பூவும் காயும் மட்டும் தரையோரத்துல. செடியோட அடியில இருந்து சரம் சரமாக் கெளம்பி மண்ணுல படுத்துக் கெடக்கும். குனிஞ்சு எலைய விலக்காம ஒரு காயக்கூடப் பாக்க முடியாது. கங்காணி நின்ன வாக்குலயே படம் எடுப்பாரு போல.

"என்னத்தா இவன் தெனமும் எனக்கு எலையவே காட்டுறான்? நான் என்ன ஆடா?" அப்டின்னு போன நங்குனு வைப்பாரு. எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

ஒரு தடவ வாடகைக் காருல கூட்டிட்டுப் போய்ப் பாத்தோம். அடிவாரத்துல முந்தல் தாண்டி மொத வளைவுலயே பல்லக் கடிச்சுக்கிட்டு "திருப்பு"ன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்பறம் மலைக்குப் போற பேச்சே வீட்ல எடுக்கல.

எந்தம்பிதான் இந்தக் காத்துப் பை கதையக் கொண்டாந்தான். அவன் போடியில ஜீப்பு ஓட்டுறவன், தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போறது அவன் சோலி. "அக்கா, பெரிய காருங்கள்ல ஸ்பிரிங்கே கெடையாதுக்கா. நாலு சக்கரத்துலயும் காத்துப் பை வச்சிருக்கான். குழியில எறங்குனா வண்டிக்குத்தான் தெரியும், உள்ள இருக்கிற ஆளுக்குத் தெரியாது. மச்சான அதுல வச்சுக் கூட்டிட்டுப் போயிறலாம்"னான். புதுசு வாங்க நாங்க என்ன ராஜாவா? கொச்சியில பழசு விக்கிற எடம் ஒண்ணு இருக்குன்னு போனோம். குண்டும் குழியுமா ஒரு ரோட்டத் தேடிப் பிடிச்சு, அவர முன்னாடி உக்கார வச்சு ஓட்டிக் காட்டுனான் தம்பி. நான் ரோட்டப் பாக்கல, அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு சுளிப்பு இல்ல. "மாப்ளே, இன்னொரு தடவ அந்தக் குழியில விடு"ன்னாரு. அப்பவே வண்டி எங்களுதுன்னு ஆயிப்போச்சு.

அதுக்கப்பறந்தான் அங்க வண்டி விக்கிற மலையாளத்துக்காரரு வாரண்டிக் காயிதத்த எடுத்து மேசையில வச்சாரு. "ரெண்டு வருசத்துக்கு ஒரு டென்ஷனும் வேண்டா சேச்சி. எஞ்சின் உண்டு, கியர்பாக்ஸ் உண்டு, ஏசி உண்டு." சாயா வேற வாங்கிக் குடுத்தாரு. அந்த வாரண்டிக்குன்னு தனியாக் கேட்ட தொகை கொஞ்சநஞ்சம் இல்ல. எங்க வீட்டுக்காரரு சரி சரின்னு தலைய ஆட்ட ஆரம்பிச்சுட்டாரு.

என் சோலி ஏலக்கா தரம் பிரிக்கிறது. மூட்டையில மேலாப்புல கெடக்கிறதப் பாத்து வெல சொல்ற ஆள் நான் இல்ல. அடியில கைய விட்டு ஒரு கை அள்ளி, வெள்ளத் தட்டுல கொட்டிப் பாத்துட்டுத்தான் பேசுவேன். அதனால அந்த மலையாளத்துக்காரருகிட்ட, "எதுக்கெல்லாம் குடுப்பீங்கன்றத விடுங்க. காத்துப் பை கிழிஞ்சா குடுப்பீங்களா? அத மட்டும் சொல்லுங்க"ன்னேன்.

அவரு காதச் சொறிஞ்சாரு. "அது ரப்பர் அல்லே சேச்சி. தேய்மானக் கணக்குல வரும்."

"அப்ப குடுக்க மாட்டீங்க."

"பாக்கி எல்லாத்துக்கும் உண்டல்லோ."

நல்லா இருக்கே கத! எதுக்காக இந்த வண்டிய வாங்குறமோ அதத் தவிர மத்த எல்லாத்துக்கும் வாரண்டியாம். வேணாம்னுட்டேன். வாரண்டிக்குக் குடுக்கிற தொகைய பேங்க்ல தனியாப் போட்டு வைப்போம், ஏதாச்சும் ஒடஞ்சா அதுல இருந்து எடுத்துச் செய்வோம்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்கு மனசே இல்ல. "கையில ஒரு காயிதம் இருந்தா தெம்பா இருக்கும்த்தா"ன்னு முனங்குனாரு. மலை ஏறாம சுத்து வழியிலதான் வந்தோம், திருச்சூரு தாண்டுற வரைக்கும் சண்ட. பொறவு தூங்கிட்டாரு. குலுங்காத வண்டியாச்சே, சண்ட போடுறவரக்கூடத் தூங்க வச்சுருச்சு.

வண்டிய எங்க பேருக்கு மாத்துற அலைச்சலெல்லாம் முடிஞ்சு, ஆவணியில ஒரு வெள்ளிக்கெழம காலையில மலைக்குக் கெளம்புனோம். மேல மொதக் காய் எடுப்பு நெருங்குற நேரம். கங்காணிக்குச் சொல்லியாச்சு. எங்க வீட்டுக்காரரு மொத நாளே வெள்ள வேட்டிய எடுத்து வச்சுட்டாரு. அடிவாரத்துக் கோயில்ல நிறுத்தி வண்டிக்குப் பூச போட்டோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், ஒரு தேங்கா, ஒரு மாலை. எங்க வீட்ல தராசுல இருந்து ஜீப்பு வரைக்கும் எது வந்தாலும் சந்தனத்த அவரு கையாலதான் வைப்பாரு, வேற ஒருத்தரத் தொட விட மாட்டாரு. அன்னைக்கும் அப்டித்தான். "பழைய வண்டி, எவன் எவன் கண்ணு பட்டுச்சோ"ன்னு சொல்லிக்கிட்டே, முன்னாடி நடுவுல வட்டமா இருக்குல்ல கம்பெனி முத்திரை, அதுமேல கிண்ணத்துச் சந்தனத்த மொத்தமும் அப்புனாரு. நடுவுல அகலமா ஒரு குங்குமப் பொட்டு. வண்டி கல்யாணத்துக்குப் போறாப்ல இருந்துச்சு.

ஏற ஏற அவரு பேச்சு நிக்கவே இல்ல. இந்த வளைவுல மழைக்கு மண்ணு சரிஞ்சு நாங்க பாதி நாள் நின்னோம், அந்த வளைவுல ஜீப்பு டயரு வெடிச்சுது, இங்கன குரங்கு என் பைய பிடுங்கிட்டுப் போச்சு. எல்லாம் எனக்கும் தெரிஞ்ச கததான், இருந்தாலும் புதுசாக் கேக்கிறாப்ல 'ம்' கொட்டிக்கிட்டே வந்தேன். "குலுங்கவே இல்லத்தா, குலுங்கவே இல்லத்தா"ன்னு நடுவுல நடுவுல சொல்லிக்கிட்டாரு. மனுசன் அம்புட்டுச் சந்தோசமா இருந்து நான் பாத்து எவ்வளவோ நாளாச்சு.

போடிமெட்டு கிட்ட வர்றப்ப பனி மூடிக்கிச்சு. அப்பத்தான் அந்தச் சத்தம் வந்துச்சு, டிங் டிங்குன்னு. முன்னாடி பலகையில மஞ்சளும் செகப்புமா முக்கோணம் முக்கோணமா எரியுது. தம்பி இங்கிலீசுல இருந்தத எழுத்துக் கூட்டிப் படிச்சான். "பிரேக்குன்னு ஏதோ போட்டுருக்கு மச்சான். வேல செய்யாதாம். ஒர்க்‌ஷாப்புக்குப் போகச் சொல்லுது."

பிரேக்கு! மலை மேல நின்னுக்கிட்டு அந்த வார்த்தையக் கேட்டா எப்டி இருக்கும்? மெட்டுல டீக்கட ஓரமா வண்டிய நிப்பாட்டி, அணைச்சுப் போட்டுத் திரும்ப எடுத்துப் பாத்தான். வெளக்கு போகுது, கொஞ்ச நேரத்துல திரும்ப வருது. மதுரையில அந்தக் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனப் போட்டேன். எடுத்தவங்க மொதக் கேள்வியே, "வாரண்டி இருக்கா மேடம்?"

இல்லன்னேன். "பிரேக் மெசேஜ் வந்தா மலையில எறக்காதீங்க, நாங்க வண்டி அனுப்பி ஏத்திக்கிறோம். சென்சாரா இருக்கலாம், கன்ட்ரோல் யூனிட்டா இருக்கலாம், சஸ்பென்ஷனையும் சேத்துப் பாக்கணும்"னு அடுக்குனாங்க. சஸ்பென்ஷன்னா அந்தக் காத்துப் பைதான். நான் பேங்க்ல போட்டு வச்சது அதுல ஒண்ணுக்கே காணாதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. அப்பறம் என்ன, வந்த வெலைக்கு வித்துற வேண்டியதுதான். வண்டிய வித்தா அவருக்கு மலை கெடையாது.

தோட்டம் அங்க இருந்து கொஞ்ச தூரந்தான். அவரு ரோட்டுல வந்த ஜீப்பப் பாத்து கைய நீட்டுனாரு. "ஒரு அஞ்சு நிமிசம் பாத்துட்டு வந்துர்றேன்த்தா."

"ஏறித்தான் பாருங்க. நான் இங்கனயே உருண்டுருவேன்"னு கத்துனேன். டீக்கடையில இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவரு கையக் கீழ போட்டுட்டாரு.

மதுரைக்காரங்க வந்து வண்டிய ஏத்திட்டுப் போனாங்க. அவர வாடகைக் காருல, ரெண்டு தலகாணிய முதுகுக்குக் குடுத்து, நத்தையா எறக்கிக் கொண்டாந்தோம். அப்டியும் வலி வந்துருச்சு. சில நாள் படுக்கையிலயே கெடந்தாரு.

நான் என்ன எதிர்பாத்தேன்னா, "அன்னைக்கே சொன்னேன்ல, வாங்குன்னு"ன்னு என்ன வறுத்து எடுக்கப் போறாருன்னுதான். பதில்கூடத் தயாரா வச்சிருந்தேன். ஆனா நான் கஞ்சி கொண்டு போனப்ப அவராத்தான் பேசுனாரு. "நீ சொன்னதுதான் சரித்தா. வாரண்டி இருந்தாலும் அவன் குடுத்துருக்க மாட்டான். விடு." எடுத்ததுக்கெல்லாம் என்ன அதட்டுற ஆளு. அந்த 'விடு'ங்கிறதக் கேட்டதும் கஞ்சிய அங்கனயே வச்சுட்டு வெளிய வந்துட்டேன். திட்டிருந்தா நான் பாட்டுக்கு எதுத்துச் சண்ட போட்டுட்டுச் சோலியப் பாத்துருப்பேன்.

வலி கொறஞ்சதும் மாடிக்குப் போனாரு. துணி காயப்போடலாம்னு நானும் பின்னாடி ஏறுனேன். நாற்காலி திரும்பிக் கெடந்துச்சு. மலைக்கு முதுகக் காட்டி, ரயில்வே ஸ்டேசன் பக்கமாப் பாத்து உக்காந்துருந்தாரு. நான் ஈரத்துணி வாளியோட அப்டியே கீழ எறங்கி வந்து, அடுப்படியில உக்காந்து ஒரு பாட்டம் அழுதேன்.

ஒர்க்‌ஷாப்புல இருந்து கூப்பிட்டு, நேர்ல வாங்கன்னாங்க. போன்ல விசயத்தச் சொல்ல மாட்டேன்றாங்கன்னா பெரிய செலவாத்தான் இருக்கும்னு முடிவே பண்ணிட்டேன். ரயில்ல போனோம். தேனி வந்துச்சு, ஆண்டிபட்டி வந்துச்சு, உசிலம்பட்டி வந்துச்சு. வழியில முறுக்கு வந்தா கூப்பிட்டு வாங்குற மனுசன், அன்னைக்கி சன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தாரு.

அங்க போனா கண்ணாடிக் கட்டடம், சில்லுனு ஏசி. யூனிபாரம் போட்ட ஒரு பொண்ணு, இஞ்சினியராம், காப்பியக் குடுத்து உக்கார வச்சுச்சு. அப்பறம் போனத் தொறந்து ஒரு போட்டோவக் காட்டுச்சு. எங்க வண்டியோட மூஞ்சி. அதுல அந்தச் சந்தனம், பனியில நனஞ்சு, காஞ்சு, பொறவு வெடிச்சு, குங்குமம் வழிஞ்சு போய்.

"சார், இது நீங்க வச்சதா?"

"ஆமாம்மா. ஏன், வைக்கக் கூடாதா?" விரைப்பாத்தான் கேட்டாரு.

அந்தப் பொண்ணு சிரிப்ப அடக்கிக்கிட்டுச் சொல்லுச்சு. "அந்த முத்திரைக்குப் பின்னாடி ரேடார் இருக்கு சார். முன்னாடி ஏதாச்சும் குறுக்க வந்தா வண்டி தானா பிரேக் போடும்ல, அதுக்கு அதுதான் கண்ணு. நீங்க கெட்டியாப் பூசி, பனியில ஈரமும் சேந்ததும் அதுக்கு ஒண்ணும் தெரியல. தெரியலன்னுதான் மெசேஜ் போட்டிருக்கு. உங்க காலால மிதிக்கிற பிரேக் நல்லாத்தான் இருக்கு. தொடச்சோம், சரியாப் போச்சு."

"காத்துப் பை?"ன்னு கேட்டேன்.

"சஸ்பென்ஷன் அருமையா இருக்கு ஆன்ட்டி. முழுசாப் பாத்துட்டோம்."

எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. முருகா, முருகான்னு வாய்விட்டுச் சொன்னேன். அப்பறம் சிரிக்க ஆரம்பிச்சேன் பாருங்க, நிறுத்த முடியல. கண்ணுல தண்ணி கொட்டுது. "வண்டிக்குத் திருஷ்டி கழிக்கிறேன்னு அது கண்ணையே மூடி விட்டுட்டீங்களே!"ன்னேன். அவரு மொகம் செவந்துருச்சு. அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டாரு. "ஏம்மா, பழனியாண்டவருக்கு மொகம் பூராச் சந்தனம் சாத்துறாங்க. அவருக்குக் கண்ணு தெரியாமயா போச்சு?" அந்தப் பொண்ணும் விழுந்து விழுந்து சிரிச்சுருச்சு.

சிரிச்சு முடிச்சதும் என் புத்தி சும்மா இருக்குமா. "அன்னைக்கி வாரண்டி வாங்கிருந்தா இதுக்குக் குடுத்துருப்பாங்களா?"ன்னு கேட்டேன்.

"சந்தனத்துக்கெல்லாம் எந்த வாரண்டியும் கெடையாது ஆன்ட்டி. வெளியில இருந்து வந்த கோளாறும்பாங்க."

ஆனா அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொல்லுச்சு. முழுசாச் சோதிச்சுத் தேறுன பழைய வண்டிக்கு அவங்களே ஒரு வாரண்டி குடுக்கிறாங்களாம். எங்க வண்டிதான் சோதிச்சாச்சே. நான் அதே பழைய கேள்வியக் கேட்டேன். காத்துப் பை கிழிஞ்சா? அந்தப் பொண்ணு காதெல்லாம் சொறியல. காயிதத்தத் திருப்பி, அது எழுதிருக்கிற எடத்துல விரல வச்சுக் காட்டுச்சு. இருக்கு. ஆனா சர்வீசுக்கு இங்கதான் கொண்டாரணும், வேற எங்கயும் பிரிச்சா செல்லாது. சரி, எதெதுக்குக் குடுக்க மாட்டீங்க, அதையும் படின்னேன். பொறுமையாப் படிச்சுச்சு. எல்லாம் கேட்டுட்டு, வாங்குறேன்னுட்டேன். பேங்க்ல கெடந்தது அதுக்குத்தான் போச்சு.

தம்பி போன்லயே கேலி பண்ணுனான். "என்னக்கா, அன்னைக்கி கொச்சியில அந்தப் பேச்சுப் பேசுன?" அன்னைக்கி கொச்சிக்காரன் காட்டுனது மேலாப்புக் காய்டா, இது நான் அடியில கைவிட்டுப் பாத்ததுன்னு சொன்னேன். அவன்கிட்டச் சொன்னது அதுதான். நெசம் வேற. இந்த வாரண்டியால லாபமா நட்டமான்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது, காத்துப் பை கிழியவே கிழியாம அந்தக் காசு வீணாப் போனாலும் போகட்டும். திரும்பிக் கெடந்த அந்த நாற்காலிய இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அதுக்குத்தான் குடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கெழம திரும்பக் கெளம்புனோம். கோயில்ல நிறுத்துனதும் அவரு சந்தனக் கிண்ணத்தக் கையில வச்சுக்கிட்டு வண்டியச் சுத்திச் சுத்தி வந்தாரு. "இங்கன வைக்கலாமா? இங்கன ஏதாச்சும் கண்ணு இருக்குமோ?"ன்னு ஒவ்வொரு எடமாத் தடவிப் பாத்தாரு. கடைசியில வண்டிய விட்டுட்டு, தன் நெத்தியில ஒரு கீத்து, தம்பி நெத்தியில ஒரு கீத்து, என் நெத்தியில ஒரு பொட்டுன்னு வச்சு முடிச்சாரு.

ஏறும்போது தம்பி ரோட்டப் பாத்தத விட முன்னாடி பலகையப் பாத்ததுதான் அதிகம். "ரோட்டப் பாருடா"ன்னு ரெண்டு தடவ அதட்டுனேன். மெட்டுல அதே பனி, அதே டீக்கட. ஒரு டிங் இல்ல. பூப்பாறை தாண்டி தார் ரோடு முடிஞ்சு குழியில எறங்குனப்ப, அவரு என் பக்கம் திரும்பிச் சிரிச்சாரு.

தோட்டத்து வாசல்ல கங்காணி தலப்பாவ அவுத்துக்கிட்டு ஓடியாந்தாரு. அவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, எங்க வீட்டுக்காரரு நேரா உள்ள போனாரு. மொதச் செடி கிட்டப் போய் நின்னாரு. நின்னவரு நின்னபடியே நிக்கிறாரு. அம்புட்டுத் தூரம் வந்தும் அவருக்கு முன்னாடி எலைதான் தெரியுது. கைய முன்னால கொண்டு போனாரு, முதுகு விடல. என்னத் திரும்பிப் பாத்தாரு.

நான் சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, சேத்துலயே மண்டி போட்டு உக்காந்து எலைய விலக்குனேன்.

"சரம் ஓடியிருக்கா?"

"ஓடியிருக்கு."

"காய்?"

"கொள்ளக் காய்ங்க. மண்ணே தெரியல."

அவரு பாக்கணுமேன்னு, நல்லாத் தெரண்டதா ஒண்ணத் திருகி எடுக்கப் போனேன். "பறிக்காதத்தா! இன்னும் முத்தலல்ல, கண்ணு தெரியலையா உனக்கு?"ன்னு தோட்டமே கேக்கிறாப்ல ஒரு அதட்டு அதட்டுனாரு. கங்காணிகூடப் பயந்து ரெண்டடி பின்னாடி போயிட்டாரு. அந்த அதட்டலக் கேக்கத்தான நான் இத்தன நாளும் கெடந்தேன். குனிஞ்ச தலைய நிமித்தாம அழுதுக்கிட்டே, அடுத்த செடியோட எலைய விலக்குனேன்.